பழைய கணிப்பொறியும் புதிய உறுப்புகளும்: கணக்கிடுவது யார்?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த ஒரு வீட்டுக் கணிப்பொறியில் இன்று மின்சாரத்தைச் செலுத்தினால் அது வேலை செய்யுமா? பெரும்பாலும் செய்யும். ஒரு சிறு ஒலி கேட்கும். திரையில் பொறியின் பெயரும் அதன் கீழே மினுக்கும் ஒரு கோடும் தோன்றும். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நிரலை எதிலிருந்து ஏற்றுவது? ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. ஃப்ளாப்பித் தட்டுகளின் காந்தப் பூச்சு உதிர்கிறது. பொறியுடன் இணைத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி எப்போதோ எடைக்குப் போய்விட்டது.

இந்தக் குறைகளைத் தீர்க்க அண்மைக் காலத்தில் பலவகைத் துணையுறுப்புகள் வந்துள்ளன. பழம்பொறி ஆர்வலர்கள் இவற்றை வரவேற்கிறார்கள். சிலர் இவை அனைத்தும் ஏமாற்று என்கிறார்கள். பழைய பெட்டிக்குள் புதிய கணிப்பொறியை ஒளித்து வைத்துவிட்டுப் பழையது ஓடுகிறது என்று சொல்வது நேர்மையா என்று கேட்கிறார்கள். இரு தரப்பிலும் உண்மை உண்டு. துணையுறுப்புகளை மொத்தமாகப் புகழ்வதும் மொத்தமாகத் தள்ளுவதும் பயன் தராது. ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். ஒன்று, உறுப்பைப் பொருத்திய பின்னும் கணக்கிடுவது பழைய பொறிதானா? இரண்டு, வேண்டாம் என்றால் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? மூன்று, பொறி மாணவருக்கு முன்னைவிட நன்றாக விளங்குகிறதா, அல்லது மறைந்துபோகிறதா? மூன்றாவது கேள்வியே முக்கியமானது என்பது என் கருத்து. எடுத்துக்காட்டாக பிபிசி மைக்ரோ என்னும் ஒரே கணிப்பொறியை வைத்துக்கொண்டு இச்சோதனையைச் செய்து பார்ப்போம்.

பொறி எப்படிப்பட்டது?

பிபிசி மைக்ரோ 1981 டிசம்பரில் வெளிவந்தது. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் பொதுமக்களுக்குக் கணிப்பொறி அறிவைப் பரப்ப ஒரு திட்டம் தீட்டியது. அதற்கான பொறியைக் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏக்கார்ன் நிறுவனம் செய்து தந்தது. சுற்றுகளை வடிவமைத்ததில் ஸ்டீவ் ஃபர்பரும், பேசிக் மொழியை எழுதியதில் சோஃபி வில்சனும் முதன்மையானவர்கள். பிரிட்டனின் பெரும்பாலான பள்ளிகளில் இப்பொறி இடம்பெற்றது. நம் நாட்டுக்கும் இதனோடு உறவு உண்டு: 1984-85இல் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணிப்பொறித் திட்டத்தில் மாணவர்கள் தொட்டுப் பார்த்த பொறி இதுவே.

இதன் ‘பி’ வகையில் 6502 என்னும் நுண்செயலி 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்குகிறது. எழுதி அழிக்கும் நினைவகம் 32 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப்போல் பல மடங்கு இடத்தை அடைக்கும். ஆனாலும் வடிவமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. நினைவகம் வினாடிக்கு 40 லட்சம் முறை திறக்கிறது. ஒரு முறை செயலிக்கு, அடுத்த முறை திரைக்கு என்று மாறி மாறி இடம் தருகிறது. ஆகவே செயலியும் திரையும் ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. இத்தகைய பொறியைத் திறந்து வைத்து, எந்தச் சில்லு எந்த வேலையைச் செய்கிறது என்று ஒரு மாணவர் முழுமையாகத் தெரிந்துகொள்ள முடியும். இன்றைய கணிப்பொறி எதைப் பற்றியும் இப்படிச் சொல்ல இயலாது. இப்பொறியைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

முதலில் மின்வழங்கி

புதிய உறுப்பு என்றதும் எல்லோரும் வேகத்தையும் நினைவகத்தையும் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் முதலில் மாற்ற வேண்டியது பவர் சப்ளை என்னும் மின்வழங்கியிலுள்ள இரண்டு சிறு மின்தேக்கிகளை. மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக இவை நேரே மெயின் மின்சாரத்தின் குறுக்கே இணைக்கப்பட்டவை. உலோகப் பூச்சிட்ட காகிதச் சுருளை எப்பாக்சிக்குள் வார்த்துச் செய்தவை. ஆண்டுகள் செல்லச் செல்ல வெளி உறையில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றி, அவற்றின் வழியே ஈரம் உள்ளே புகும். 230 வோல்ட் என்று நாம் சொல்லும் மாறுமின்சாரத்தின் உச்ச அளவு ஏறத்தாழ 325 வோல்ட். ஈரம் ஏறிய காகிதம் அதைத் தாங்காது. சூடேறி, நாற்றமும் அடர்ந்த புகையும் எழும்.

புகையைக் கண்டவுடன் பொறியே எரிந்துவிட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை, இந்த இரண்டு மின்தேக்கிகளையும் மெயின் மின்சாரத்துக்கு ஏற்ற தர முத்திரை பெற்ற புதியவற்றால் மாற்றினால் போதும். மாற்றுவதற்குத் தேர்ந்தவரையே நாடுங்கள். செருகியைப் பிடுங்கிய பிறகும் மின்வழங்கிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கலாம். இது விளையாட்டுப் பொருளன்று.

இந்த மாற்றத்தில் புதுமை ஒன்றுமில்லை. அதனால்தான் பாராட்டுவாரும் இல்லை. ஆனால் நம் மூன்று கேள்விகளுக்கும் ஐயமின்றி விடை தருவது இதுவே. பழைய பொறி பழையபடியே கணக்கிடுகிறது, எதுவும் மறையவில்லை. பழைய மின்தேக்கியைத் திரும்பப் பொருத்த யாரும் விரும்பப் போவதில்லை, அவ்வளவே. இதைச் செய்யாமல் மற்ற உறுப்புகளை வாங்குவது, அடித்தளம் அரித்த வீட்டுக்குச் சாயம் பூசுவதற்குச் சமம்.

நாடாவிலிருந்து அட்டைக்கு

அடுத்தது சேமிப்பு. ஒலிநாடாவில் இப்பொறி வினாடிக்கு 1,200 பிட் வேகத்தில் படித்தது. ஒவ்வொரு பைட்டுக்கும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்து 10 பிட் வேண்டும். ஆகவே 20 கிலோபைட் நிரலை ஏற்ற ஏறத்தாழ 170 வினாடி. துண்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்தால் மூன்று நிமிடத்துக்கு மேல். நாடுவில் ஓரிடத்தில் பழுது இருந்தால் சுற்றி விட்டுத் திரும்பப் படிக்க வேண்டும்.

இன்று பொறியின் அடியிலுள்ள பயனர் இணைப்புவாயில் ஒரு சிறு பலகையைச் செருகி, அதில் மெமரி கார்டை வைத்துவிடலாம். இதற்கான நிரலை 16 கிலோபைட் ரோம் சில்லில் பதித்து, பொறியில் ஏற்கனவே உள்ள வெற்றுக் குழியில் பொருத்துகிறார்கள். ஒரு கோப்பில் 511 தட்டுகள் வரை அடங்கும். ஒவ்வொன்றும் 200 கிலோபைட். அதாவது, ஒரு பள்ளியின் அலமாரி முழுவதும் ஒரு விரல் நகத்தின் மேல். நிரல் சில வினாடிகளுக்குள் வந்து சேர்கிறது.

இதை நான் தயங்காமல் ஏற்கிறேன். 6522 என்னும் இணைப்புச் சில்லின் வழியே அட்டையோடு பேசுவது 6502 செயலியே. செருகிய பலகையைப் பிடுங்கினால் பொறி பழையபடி ஆகிவிடும். ரோம் குழிகளும் இணைப்புவாயும் இத்தகைய வளர்ச்சிக்காகவே வடிவமைப்பாளர்கள் விட்டுவைத்தவை. மாணவரும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்: பழைய சில்லுகள் 5 வோல்ட்டில் பேசுகின்றன; அட்டை 3.3 வோல்ட்டைத்தான் தாங்கும். நடுவில் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் ஒரு சுற்று வேண்டும். வாங்குமுன் அந்தச் சுற்று முறையாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மலிவான சில பலகைகள் மின்தடைகளை மட்டும் வைத்து ஒப்பேற்றுகின்றன.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். தட்டுகளைக் கையாளும் நிரல் தன் வேலைக்காக நினைவகத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. மிகத் துல்லியமான வரைபட நிலையில் திரை மட்டுமே 20 கிலோபைட்டை விழுங்குகிறது. மிஞ்சுவது 5,888 பைட். அதற்குள்தான் உங்கள் பேசிக் நிரலும் அதன் மாறிகளும் அடங்க வேண்டும். அட்டையில் நூறு மெகாபைட் இருந்தும் பொறிக்குள் ஆறு கிலோபைட்கூட இல்லை. புதிய உறுப்பு ஒரு நெருக்கடியைத் தீர்க்கும்போது மற்றொன்று அப்படியே நிற்கிறது என்பதை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும்.

திரை

பொறியின் பின்புறத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று குறிப்புகளைத் தரும் இணைப்புவாய் ஒன்று உள்ளது. ஒவ்வொன்றும் உண்டு அல்லது இல்லை என்ற இரண்டே நிலை; ஆகவே இரண்டின் மூன்றாம் அடுக்கு, எட்டு நிறங்கள். இன்றைய தட்டைத் திரைகள் இந்தக் குறிப்புகளை நேரே ஏற்பதில்லை. நடுவில் ஒரு மாற்றி வேண்டும். ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியை அடிப்படையாகக் கொண்ட மாற்றி ஒன்று ஆர்வலர்களிடையே நற்பெயர் பெற்றுள்ளது.

அதன் வேலை எளிதன்று. 640 புள்ளி நிலையில் ஒரு புள்ளி நீடிப்பது ஒரு வினாடியின் 1.6 கோடியில் ஒரு பங்கு, அதாவது 62.5 நானோ வினாடி. தொலைவரி எழுத்து நிலையிலோ ஒரு புள்ளிக்கு 83 நானோ வினாடி. ஒவ்வொரு புள்ளியின் நடுப்பகுதியிலும் அளந்தால்தான் படம் தெளிவாகும். விளிம்பில் அளந்தால் எழுத்துகள் அரும்பி நடுங்கும். மாற்றி இந்த இரு நிலைகளையும் தானே கண்டறிந்து தன் அளவெடுப்பை மாற்றிக்கொள்கிறது. படம் அந்தக் காலத்தில் எந்தத் தொலைக்காட்சியிலும் கண்டிராத கூர்மையோடு வருகிறது.

அந்தக் கூர்மையே சிறு பொய்யும் ஆகிறது. பழைய படக்குழாயில் புள்ளிகள் சற்றே கலந்து மென்மையாகத் தெரிந்தன. அந்த மென்மையைக் கருதியே பல படங்கள் வரையப்பட்டன. தட்டைத் திரையில் அவை கட்டம் கட்டமாக நிற்கின்றன. ஆனாலும் கணக்கிடுவது பழைய பொறிதான். மாற்றி வெறும் மொழிபெயர்ப்பாளர். வெளியே இருக்கும் உறுப்பு என்பதால் கழற்றுவதும் எளிது. ஆகவே இதற்கும் ஒப்புதல் தரலாம்.

இரண்டாம் செயலி: பெரிய வழக்கு

இப்போது சர்ச்சைக்குரிய உறுப்புக்கு வருவோம். பிபிசி மைக்ரோவின் அடியில் ‘டியூப்’ என்று ஓர் இணைப்புவாய் இருக்கிறது. அதில் மற்றொரு செயலியை இணைத்தால், கணக்கு முழுவதும் அங்கே நடக்கும். பழைய பொறி விசைப்பலகை, திரை, தட்டு ஆகியவற்றைக் கவனிக்கும். நான்கு சோடிப் பதிவேடுகளின் வழியே இரண்டும் பேசிக்கொள்ளும். ஏக்கார்ன் நிறுவனமே 3 மெகாஹெர்ட்ஸ் 6502, இசட்-80 போன்ற இரண்டாம் செயலிகளை விற்றது. பேசிக் மொழிக்குக் கிடைக்கும் இடம் 5,888 பைட்டிலிருந்து 30,720 பைட்டாக உயர்ந்தது; எந்த வரைபட நிலையிலும் அது குறைவதில்லை.

இதே வாயில் இன்று ராஸ்பெரி பை ஒன்றைச் செருகலாம். அது 6502 போலவோ இசட்-80 போலவோ வேறு பல செயலிகளைப் போலவோ நடிக்கும். பழைய பொறி கேட்கும் கேள்விக்கு அரை மைக்ரோ வினாடிக்குள் விடை சொல்லும். கணக்கின் வேகம் பல பத்து மடங்கு உயரும்.

இது ஏமாற்றா? நம் முதல் கேள்வியின்படி ஆம்: கணக்கிடுவது பழைய பொறியன்று. அந்தச் செருகுபலகையிலுள்ள சில்லின் ஒரு மூலை, மொத்த பிபிசி மைக்ரோவைவிட ஆற்றல் மிக்கது. பழைய பொறி அழகான ஒரு விசைப்பலகை ஆகிவிடுகிறது.

ஆனால் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. ஏக்கார்ன் நிறுவனம் தன் சொந்தச் செயலியை உருவாக்கியபோது, வில்சனும் ஃபர்பரும் அதன் மாதிரியைப் பிபிசி பேசிக் மொழியிலேயே எழுதிச் சோதித்தார்கள். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் ஆர்ம் சில்லு உயிர் பெற்றபோது, அது டியூப் வழியே ஒரு பிபிசி மைக்ரோவுடன்தான் இணைக்கப்பட்டிருந்தது. அந்தச் சில்லின் வழித்தோன்றல்களே இன்று நம் கைபேசிகளிலும் ராஸ்பெரி பையிலும் உள்ளன. ராஸ்பெரி பை பிறந்ததும் அதே கேம்பிரிட்ஜில். ஆகவே பையை டியூபில் செருகும்போது, பேரன் பாட்டன் வீட்டுக்கு வருகிறான். வந்த வழியும் அந்த வீட்டார் வைத்த வாசல்தான். சுவரை இடித்துக்கொண்டு வரவில்லை. இதை ஏமாற்று என்று தள்ள என்னால் இயலவில்லை.

என் தயக்கம் வேறிடத்தில். ஆயிரம் எண்களை ஏறு வரிசையில் அடுக்க ஒரு மாணவர் நிரல் எழுதுகிறார் என்று வையுங்கள். அடுத்தடுத்த எண்களை ஒப்பிட்டு இடம் மாற்றும் எளிய முறையில் ஏறத்தாழ 5,00,000 ஒப்பீடுகள் வேண்டும். பேசிக் மொழியில் ஓர் ஒப்பீட்டுக்கு 3 மில்லி வினாடி என்று கொண்டால் 1,500 வினாடி, அதாவது 25 நிமிடம். பட்டியலைப் பாதி பாதியாகப் பிரித்து அடுக்கும் நல்ல முறையில் ஒப்பீடுகள் ஏறத்தாழ 10,000 தான். ஒவ்வொன்றுக்கும் 10 மில்லி வினாடி தந்தாலும் 100 வினாடியில் வேலை முடியும். முதல் முறையைத் தொடங்கிவிட்டுச் சாப்பிட்டு வந்தவர், இரண்டாம் முறையில் நாற்காலியை விட்டு எழுவதற்குள் விடையைக் காண்பார். இந்தப் பாடத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கமாட்டார்.

ஐம்பது மடங்கு வேகத்தில் 25 நிமிடம் 30 வினாடியாகிறது. 100 வினாடி 2 வினாடியாகிறது. இன்னும் வேகமான பொறியில் இரண்டும் கண்ணிமைக்கும் நேரம். நல்ல முறைக்கும் மோசமான முறைக்கும் உள்ள வேறுபாடு எங்கும் போய்விடவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. மெதுவான பொறி கணக்கின் விலையைக் காட்டுகிறது. அந்த ஆசிரியரைத்தான் வேகமான உறுப்பு வகுப்பறையிலிருந்து வெளியே அனுப்புகிறது.

1984இல் வெளிவந்த ‘எலைட்’ என்னும் விண்வெளி விளையாட்டும் இதற்குச் சான்று. நினைவகம் போதாததால் அதை எழுதிய இரு மாணவர்கள் திரையின் மேற்பகுதியை இரு நிறத்தில் நுட்பமான புள்ளிகளாகவும், கீழ்ப்பகுதியை நான்கு நிறத்தில் பெரிய புள்ளிகளாகவும் பிரித்தார்கள். ஒவ்வொரு படச்சட்டத்தின் நடுவிலும் சரியான நொடியில் திரை நிலையை மாற்றினார்கள். குறைவு இல்லையேல் அந்த யோசனையே பிறந்திராது. அதே விளையாட்டு பிறகு இரண்டாம் செயலிக்கென்று கூடுதல் நிறங்களோடு வந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவருக்கே இரண்டின் அருமையும் புரியும்.

ஆகவே என் தீர்ப்பு இது: பையைச் செருகுங்கள், ஆனால் முதலில் அது இல்லாமல் செய்து பாருங்கள். வேகம் உங்களுக்கு எதைத் தருகிறது, எதை மறைக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

எவரும் கவனிக்காத வாய்

கடைசியாக ஒரு குறை. இத்தனை துணையுறுப்புகளும் விளையாட்டுகளைச் சேமிக்கவும் காட்டவும் விரைவுபடுத்தவும் உதவுகின்றன. இயற்பியல் மாணவருக்கு மிகவும் வேண்டிய வாயைக் கவனிப்பார் குறைவு. பிபிசி மைக்ரோவின் பின்புறத்தில் மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக மாற்றும் நான்கு தடங்கள் உள்ளன. வெப்பநிலை, ஒளி, ஊசலின் கோணம் ஆகியவற்றை அளக்க அந்நாளில் பள்ளிகள் இதைப் பயன்படுத்தின.

இதில் வடிவமைப்பாளர் ஒரு சிக்கனம் செய்தார். அளவைக்கு அடிப்படையான மேற்கோள் மின்னழுத்தம், மூன்று சிலிக்கன் டையோடுகளைத் தொடராக இணைத்துப் பெறப்படுகிறது: ஏறத்தாழ 1.8 வோல்ட். ஒரு டையோடின் மின்னழுத்தம் ஒரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு 2 மில்லிவோல்ட் குறையும் என்பதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். மூன்றுக்கும் 6 மில்லிவோல்ட். 1,800இல் இது மூன்றில் ஒரு விழுக்காடு. பொறி சூடாகிப் பெட்டிக்குள் 10 டிகிரி ஏறினால் உங்கள் அளவு 3 விழுக்காட்டுக்கு மேல் பிழைபடும். விளையாட்டுக் கைப்பிடிக்கு இது பொருட்டன்று. கைப்பிடியும் அதே மின்னழுத்தத்திலிருந்து பங்கு பெறுவதால் பிழை தானே நீங்கிவிடும். வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை அளக்கும்போதுதான் அது தலைகாட்டும்.

இதற்கு மருந்து பெரிய உறுப்பன்று. வெப்பத்தால் மாறாத 1.2 வோல்ட் மேற்கோள் சில்லு ஒன்றை நான்காம் தடத்தில் இணையுங்கள். அளக்க வேண்டியதை முதல் தடத்தில் கொடுங்கள். இரண்டின் விகிதத்தைக் கண்டு 1.2ஆல் பெருக்குங்கள். டையோடுகளின் பிழை இரு அளவுகளிலும் ஒன்றுபோல் இருப்பதால் விகிதத்தில் நீங்கிவிடுகிறது. ஒரு சில்லும் இரண்டு வரி நிரலும்தான் செலவு. கணக்கிடுவது 6502, கழற்ற ஒரு நொடி, மாணவர் கற்பதோ பொறியின் குறையையும் அதை வெல்லும் வழியையும். நம் மூன்று கேள்விகளுக்கும் இதைவிட நல்ல விடை தரும் துணையுறுப்பை நான் கண்டதில்லை. ஆனால் விற்பனைப் பட்டியல்களில் மின்னுவது இதுவன்று.

முடிவாக

பெட்டியில் துளையிட்டும், பலகையின் செப்புத் தடங்களை வெட்டியும், நல்ல நிலையிலுள்ள சில்லுகளைப் பெயர்த்தும் பொருத்தும் உறுப்புகளை ஒதுக்குங்கள். இனி இப்பொறிகள் செய்யப்படப் போவதில்லை. வெட்டிய தடம் வெட்டியதுதான். செருகிக் கழற்றக்கூடியவற்றை வரவேற்கலாம். அவற்றிலும் பொறியை விளக்குவதற்கு முதலிடம் தருவோம்.

உங்கள் கைக்கு இத்தகைய பழைய பொறி ஒன்று கிடைத்தால், முதலில் மின்வழங்கியைப் பாருங்கள். பிறகு எந்த உறுப்பும் இல்லாமல், பத்து வரியில் ஒரு நிரலை நீங்களே தட்டி ஓட்டுங்கள். விடை வரும்வரை காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் உள்ளே என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்த உறுப்பு தேவை என்பது அதன் பிறகு உங்களுக்கே தெரியும்.